பொட்டு வைத்த இரண்டு டிஸ்க்குகள்

அத்தியாயம் 14

பாரிவாக்கத்தில் அம்மா வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே ரோஷினிக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

முன் அறை ஜன்னல் வழியாக வந்த ஃபேன் சத்தம். சீலிங் ஃபேன் இல்லை, கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் சுற்றும் ஃபேன். கல்யாணத்துக்கு முன்னால் தம்பி சரணோடு உட்கார்ந்து, ஒவ்வொரு திருகாக முடுக்கி அவளே கட்டிய கம்ப்யூட்டர். அதன் குரல் அவளுக்குத் தெரியாதா?

நேற்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் வரும் வரைக்கும் யாரும் அதை ஆன் பண்ணாதீர்கள் என்று.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

அவள் ஓடட்டும். போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு அதற்குள் நாலு வரி.

மகாளய அமாவாசை அன்று விடியற்காலை, ஏரிக்கரை ரோட்டில், வாட்ச்மேன் வேம்புலி டியூட்டி முடித்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பத்து நாளாக அவர் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நேற்று ஆயுத பூஜை சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் இந்த வீட்டுக்கு வந்தார். இடித்த காரின் நம்பர் கிடைத்துவிட்டது. அது சரணுடைய கார்.

சரண் சத்தியம் பண்ணினான். நைட் ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்து படுத்தவன், எட்டு மணி வரை கண் திறக்கவில்லையாம். கார் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கும். முன் விளக்கு உடைந்திருந்ததைப் பார்த்து, தெருவில் எவனோ இடித்துவிட்டான் என்று தெருவையே திட்டித் தீர்த்தவன் அவன்.

"நீ ஓட்டலன்னா யார் ஓட்டினது? நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லு. இல்லன்னா ஓனர் பேர்லதான் எழுதுவேன்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் சரணுக்கு, வாசற்படிக்கு மேலே கேட்டைப் பார்த்து மாட்டிய கேமரா நினைவு வந்தது. காரை யார் வெளியே எடுத்தாலும் அதில் விழுந்திருக்க வேண்டும். கேமரா பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கம்ப்யூட்டரோ பூஜையில் இருந்தது, சந்தனம், குங்குமம், சாமந்திச் சரத்தோடு. "பூஜைல வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாதுங்க," என்று அம்மா ஹேமாவதி கையெடுத்துக் கும்பிட்டாள். வந்தவரும் அன்று காலையில் தன் ஜீப்புக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தவர்தானே. சரி என்று போய்விட்டார்.

இதுதான் கதை. இப்போது உள்ளே போவோம்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு எண். ஐந்து சதவீதம். அவள் பார்க்கும்போதே அது ஆறாக மாறியது.

திரைக்கு எதிரே அப்பா வீரராகவன் உட்கார்ந்திருந்தார். முப்பத்துநாலு வருஷம் அரசு பஸ் ஓட்டி, ஐயப்பன்தாங்கல் டிப்போவில் ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்த மாதிரியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

ரோஷினி குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஃபேன் முனகிக்கொண்டே நின்றது.

"இன்னாடி இது! ஓடிகினு இருந்தத புடுங்கிட்டியே!" பொரித் தட்டோடு வந்த ஹேமாவதி அலறினாள். "விஜயதசமியும் அதுவுமா!"

"யாரு ஆன் பண்ணது?"

"நான்தான்," என்றார் வீரராகவன். "நல்ல நேரம் பாத்துப் போட்டேன். பூஜைல வச்சத இன்னிக்கு ஒரு தபா ஓட்டி வைக்கணும்ல?"

"நைனா, நான் நேத்து இன்னா சொன்னேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைக்க ஆரம்பித்தார்.

ரோஷினி அப்படியே தரையில் உட்கார்ந்து கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றினாள். உள்ளே ஒரு தூசி இல்லை. புதுக் கல்யாண வீடு மாதிரி பளபளவென்று இருந்தது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. இரண்டுக்கும் நெற்றி நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"ம்மா. இதுங்க மேல டேப் ஒட்டியிருந்தேனே. ஒண்ணுல நல்லதுன்னு எழுதி, ஒண்ணுல பெருக்கல் குறி போட்டு."

"ஆமா, அயுக்கா ஒட்டிகினு இருந்துச்சு. ஈரத் துணியால தொடச்சி எடுத்துட்டேன். அப்பறம் பாரு, ஒரு வயரு சும்மாவே தொங்கினு இருந்துச்சு. பாவமேன்னு அதயும் மாட்டி வுட்டேன்."

பாவமேன்னு! ரோஷினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்த வயரைத் தொங்கவிட்டவள் அவளேதான். இந்தக் கம்ப்யூட்டரில் அவள் ரெய்டு போட்டிருந்தாள். முதல் தடவை அந்த வார்த்தையைக் கேட்டபோது ஹேமாவதி, நம் வீட்டில் ரெய்டு வர அப்படி என்ன இருக்கிறது என்று பயந்து போனாள். விஷயம் இவ்வளவுதான்: இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே மாதிரி எழுதும். ஒன்று செத்தாலும் மற்றொன்றில் எல்லாம் இருக்கும். ஆடி மாதம் ஒரு டிஸ்க் அடிக்கடி மக்கர் பண்ணியது. அதன் வயரைக் கழற்றிவிட்டு, பெருக்கல் குறி போட்டு, சீக்கிரம் வேறு வாங்கி மாட்டணும் என்று நினைத்துக்கொண்டு அம்பத்தூரில் தன் வீட்டுக்குப் போனவள்தான். ஆடி போய் ஆவணி போய் புரட்டாசியும் முடியப் போகிறது.

இத்தனைக்கும் அவளுடைய வேலையே ஒரு கம்பெனியின் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளைக் காவல் காப்பது. ஒன்று முணுமுணுத்தால் பத்து நிமிஷத்தில் ஆள் அனுப்புவாள். ஊருக்குத்தான் உபதேசம்.

"நைனா, ஆன் பண்ணப்ப இன்னா வந்துச்சுன்னு ஒயுங்கா சொல்லுங்க. மொதல்லேர்ந்து."

வீரராகவன் தொண்டையைச் செருமினார். "மொதல் தபா போட்டப்ப ஒரு டிஸ்க்குதான் கீதுன்னு காட்டிச்சு. ஒரு வயரு லூசா இருந்துச்சு. அழுத்தி வுட்டு, ஆஃப் பண்ணி திரும்பப் போட்டேன். ரெண்டும் வந்துச்சு. இன்னாவோ கேட்டுச்சு. ஒய்ன்ற எழுத்த அமுக்கினேன்."

"அமுக்கினீங்க."

"அமுக்கினேன்."

லூசாக இருந்த வயர் எந்த டிஸ்க்கினுடையது? எல்லாம் அதில்தான் இருக்கிறது. நல்ல டிஸ்க்கினுடையதாக இருந்தால், முதல் தடவை விழித்தது ஆடியிலேயே அவள் கழற்றிவிட்ட பழைய டிஸ்க் மட்டும். குடும்பத் தலைவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து ரேஷன் கார்டில் தன் பெயரை முதலில் எழுதிக்கொண்ட தம்பி மாதிரி, நான்தான் அசல் என்று அது உட்கார்ந்திருக்கும். இரண்டாவது தடவை நல்ல டிஸ்க் வந்து நின்றபோது, "இவன் பின்தங்கிவிட்டான், என்னிடம் இருப்பதை இவன் மேல் எழுதட்டுமா?" என்று கேட்டிருக்கும்.

அதற்குத்தான் அப்பா சம்மதம் கொடுத்திருக்கிறார். அப்படி என்றால் அந்த ஐந்து, ஆறு எல்லாம் அழிந்த கணக்கு.

அவள் இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்து மடியில் வைத்தாள். பையிலிருந்து லேப்டாப்பையும், டிஸ்க்கைச் செருகும் சின்னப் பெட்டியையும் எடுத்தாள். எது நல்லது, எது பழையது? இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரட்டைகள். சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தாலும் உள்ளே இருக்கும் நம்பர் அவளுக்கு மனப்பாடம் இல்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எத்தனை மணி நேரம் உழைத்தது என்று தனக்குள்ளேயே குறித்து வைத்திருக்கும். இரண்டரை மாசம் சும்மா கிடந்தது குறைவாகக் காட்ட வேண்டும். தெரியாமல்கூட எதுவும் எழுதிவிடாதபடி பூட்டுப் போட்டுவிட்டு, முதல் டிஸ்க்கைச் செருகினாள். எண்ணைக் காகிதத்தில் எழுதினாள். அடுத்ததைச் செருகினாள். அதையும் எழுதினாள்.

எண் குறைந்ததுதான் தன்னை அசல் என்று பதிந்து வைத்திருந்தது. சந்தேகமே இல்லை. பழையதிலிருந்து நல்லதுக்குத்தான் எழுதியிருக்கிறது.

"சரணு... சரணுக்கு இன்னா ஆவும்?" ஹேமாவதி மெதுவாகக் கேட்டாள். கம்ப்யூட்டர் புரியாவிட்டாலும் மகள் முகம் அவளுக்குப் புரியும்.

"இரும்மா. முழுசா போகல. ஆறு பர்சன்ட்தான்."

அப்படிச் சொன்னாளே தவிர, போனது எந்த ஆறு என்பது அவளுக்குத் தெரியும். புத்தகத்தின் முதல் பக்கங்கள். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று எழுதிய பொருளடக்கம் முழுக்க அங்கேதான் இருக்கும். டிஸ்க்கைத் திறந்தால் ஆடி மாதத்தோடு உலகம் முடிந்துவிட்டது என்று சொன்னது. மிச்சப் பக்கங்கள் உள்ளே எங்கேயோ இருக்கின்றன. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித் தேட வேண்டும்.

தேடும் மென்பொருளை ஓடவிட்டாள். மணி பத்தே கால். முடிய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று காட்டியது.

அஞ்சு மணிக்குக் கெடு முடிகிறது.

அன்று அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பொரியும் கடலையும் தட்டில் அப்படியே கிடந்தன. லேப்டாப் திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது, ஒன்று, ஒன்றரை, இரண்டு. காலையில் ஒரு எண் ஏறுவதைப் பார்த்து உயிர் போனது. இப்போது அது ஏறாதா என்று உயிர் போகிறது.

காலையிலேயே வரச் சொல்லிவிட்டதால், சரண் வக்கீல் பார்த்தசாரதியோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அரை மணிக்கு ஒரு தடவை போன் வந்தது.

"கெடச்சுதாக்கா?"

"தேடிகினு கீறேன்டா."

"அக்கா, இவங்க பேசறத பாத்தா ஒரு மாதிரியா கீது. எங்கிட்ட யாருமே மூஞ்சி குடுத்து பேசல. நான் எடுக்கலக்கா. நீயாவது நம்பறியா?"

"லூசு மாதிரி பேசாத. நான் நம்பாம?"

போனை வைத்தாள். படம் கிடைக்காவிட்டால் இவன் உள்ளே போவான். வேலை போகும். பக்கத்து ஊர்களில் எல்லாம் வாட்ச்மேனை இடித்துவிட்டு ஓடியவன் என்ற பெயர்தான் நிற்கும். அதற்குக் காரணம் அவள் மாற்றாமல் விட்ட ஒரு டிஸ்க். தன்னை நினைத்தே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வீரராகவன் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை அறை வாசலுக்கு வரும்போதும் ஒரே கேள்வி.

"எவ்ளோ பூட்ச்சு?"

"இருபது... இருபது பர்சன்ட் தேடியாச்சு நைனா."

"அத்த கேக்கல. அயிஞ்சு பூட்டது எவ்ளோ?"

"ஆறு."

"ஆறுதானா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 'தானா' அவள் காதில் எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டது. பதற்றத்தில் மனுஷன் எப்படியெல்லாமோ பேசுவான் என்று உதறிவிட்டாள்.

பன்னிரண்டு மணி இருக்கும். ஹேமாவதி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் என்னாலதான். தொடைக்காமலே வுட்டிருக்கலாம். சாமிக்கு வைக்கறத அயுக்கோட எப்டி வைக்கறதுன்னு பாத்தேன்."

"நீ இன்னாம்மா பண்ணுவ? தொடச்சதுல தப்பில்ல. ஆன் பண்ணாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நேத்து போன்ல அவ்ளோ சொன்னேன்."

ஹேமாவதி நிமிர்ந்தாள். "எப்போ சொன்ன?"

"ராத்திரி. போலீஸ் வந்துட்டுப் போனப்பறம். நைனாகிட்ட சொன்னேனே, அம்மாகிட்டயும் சொல்லிடுங்கன்னு."

"எங்கிட்ட அவரு ஒண்ணும் சொல்லலியே. காலைல குளிச்சதும் மொத வேலையா, கம்ப்யூட்டரப் போடலாம்னு அவராதான் ஆரம்பிச்சாரு."

"மறந்திருப்பாரு."

"இருக்கும்." ஹேமாவதி சாதாரணமாகத்தான் மேலே சொன்னாள். "ஆனா கண்ணாடியெல்லாம் போட்டுகினு, பேப்பர் படிக்கற மாதிரி ரெண்டு தபா படிச்சாரு. இன்னா எழுதிகிதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னாரு. அப்பறந்தான் அமுக்கினாரு."

ரோஷினியின் கை மோர் டம்ளரிலேயே நின்றுவிட்டது.

அந்தத் திரையில் என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆபீஸில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். இந்த டிஸ்க்கில் இருப்பவை எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா? பெரிய எழுத்தில், யாருக்கும் புரிகிற நாலு வார்த்தை இங்கிலீஷில். முப்பத்துநாலு வருஷம் டிப்போ சுற்றறிக்கைகளை மற்ற டிரைவர்களுக்கெல்லாம் படித்துச் சொன்னவர் அப்பா.

இரண்டு தடவை படித்திருக்கிறார்.

போலீஸுக்குப் பயந்தால் வக்கீலைப் பிடிக்கலாம். டிஸ்க்குக்குப் பயந்தால் ராத்திரி பகலாக உட்கார்ந்து தேடலாம். சொந்த வீட்டுக்குள் இருக்கும் ஒருவரைப் பார்த்துப் பயந்தால் எங்கே போவது?

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். யார் மடியில் என்ன கனம்? சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் தம்பியைப் பெற்றவர். வேம்புலி தினமும் வாசலில் நின்று "வணக்கம்ண்ணாத்தே" என்று சொல்லாமல் போனதில்லை. விபத்து என்று கேள்விப்பட்டு முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடியதே அப்பாதான். பழம் வாங்கிக்கொண்டு மூன்று தடவை போய்வந்தார்.

மூன்று தடவை.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"மோர குடிடி," என்றாள் ஹேமாவதி.

"அப்பறம் குடிக்கறேம்மா."

இரண்டு மணிக்கு மேல் படங்கள் வர ஆரம்பித்தன. பெயர் கிடையாது, தேதி கிடையாது, வெறும் எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றையும் திறந்து, மூலையில் கேமரா பொறித்த தேதியைப் பார்க்க வேண்டும். சில திறக்கவே இல்லை. சிலவற்றில் பாதிப் படம் சாம்பல் நிறத்தில் கரைந்து கிடந்தது.

ஆவணி. ஆவணி. புரட்டாசி முதல் வாரம். பால்காரன் வருகிறான். அம்மா கோலம் போடுகிறாள். சரண் காரைத் துடைக்கிறான். நாய் ஒன்று கேட்டருகே காலைத் தூக்குகிறது. வேம்புலி சைக்கிளில் போகிறார். கேமராவைப் பார்த்தா, வீட்டைப் பார்த்தா தெரியவில்லை, கையைத் தூக்கி ஒரு வணக்கம்.

ரோஷினி அந்தப் படத்தை அவசரமாக மூடினாள்.

அறை வாசலில் காலடிச் சத்தம் இல்லை. ஆனால் அவர் அங்கே நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பெற்ற அப்பாவைத் திரும்பிப் பார்க்கப் பயம்! வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

"தேதி வந்துடுச்சா?" என்றார் பின்னாலிருந்து.

"கிட்ட வந்துட்டேன் நைனா."

அவர் போகவில்லை.

மூன்றே முக்கால். அடுத்த படத்தைத் திறந்தாள். மூலையில் மகாளய அமாவாசைத் தேதி. நேரம் நாலு ஐம்பத்திரண்டு.

இருட்டில் கேமரா காட்டும் கறுப்பு வெள்ளை. கேட்டுக்கு உள்ளே கார் நிற்கிறது. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு வீட்டுப் பக்கத்திலிருந்து ஓர் உருவம் வந்தது. வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பை. முகம் தெரியவில்லை. கேமராவுக்கு முதுகு காட்டித்தான் நடந்தது. சத்தமில்லாமல் கேட்டைத் திறந்தது. தலை குனிந்தபடி திரும்பி வந்தது, ஆனால் காரில் ஏறவில்லை. காரைச் சுற்றி நடந்தது. முன் டயரில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பின் டயரில் ஒரு தட்டு. அந்தப் பக்கம் போய் இன்னும் இரண்டு. அப்புறம்தான் கதவைத் திறந்து உட்கார்ந்தது.

முகம் எதற்கு? வண்டி எடுக்கும் முன் நாலு டயரையும் தட்டிப் பார்க்காமல் அவள் அப்பா ஒரு நாளும் ஏறியதில்லை. சின்ன வயதில் டிப்போவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, அவர் பஸ்ஸைத் தட்டுவதைப் பார்த்து அவளும் கூடவே தட்டியிருக்கிறாள்.

போன வருஷம் கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று. லைசென்ஸை அவரே பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அமாவாசை அன்று கோயில் குளத்துக்கு, பித்ருக்களுக்குத் தர்ப்பணம் கொடுக்க, ஷேர் ஆட்டோவில் போய் வந்தேன் என்றார். எல்லோரும் நம்பினார்கள்.

கார் வெளியே போனது. படம் சாம்பலாகக் கரைந்து நின்றது. திரும்பி வந்த படம் அந்த ஆறு சதவீதத்தில் போய்விட்டதோ என்னவோ.

ரோஷினி திரும்பினாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து நிமிர்ந்தே இருந்த முதுகு இப்போது வளைந்திருந்தது.

"பாத்துட்டியா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

"ஏதோ மேடு ஏறின மாதிரி இருந்துச்சும்மா. ஸ்பீடு பிரேக்கர்னு நெனச்சேன். நெசமா அப்டிதான் நெனச்சேன். கண்ணு தெரிலன்னு சொன்னா முப்பத்துநாலு வருசம் ஓட்டினது பொய்யாப் பூடும்னு..." அவர் குரல் அறுந்தது. "போலீஸு சரண் பேர சொன்னப்ப வாயத் தொறக்கணும்னுதான் பாத்தேன். நாக்கு எயல. பயமா கீதும்மா. எனக்குப் பயமா கீது."

அறுபத்திரண்டு வயது மனுஷர் மகளிடம் அப்படிச் சொன்னபோது, காலையிலிருந்து அவளுக்குள் ஏறிக்கொண்டிருந்த கோபமெல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது. அவள் விரல் லேப்டாப் மேல்தான் இருந்தது. ஒரு அமுக்கு போதும். இந்தப் படம் இருந்தது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா தப்புவார். தம்பி மாட்டுவான். அமுக்காவிட்டால், தலைகீழ்.

போன் அடித்தது. சரண்.

அவள் விரலை எடுத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல், இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"அக்கா!" அவனுக்கு மூச்சு வாங்கியது. "வேம்புலி அண்ணன் பூட்டாருக்கா. இப்பதான் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. இனிமே கேஸே வேறன்றாங்க. என்ன உள்ள கூப்டறாங்கக்கா. கெடச்சுதா, இல்லியா?"

வீரராகவன் நிலையைப் பிடித்திருந்த கை நழுவியது. சுவரோடு சாய்ந்தார். உதடு மட்டும் அசைந்தது. வேம்புலி என்று சொன்னாரோ என்னவோ.

"கெடச்சுதுடா," என்றாள் ரோஷினி.

"யாருக்கா? யாரு எடுத்தது?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அக்கா, சொல்லுக்கா! ஐயா நிக்கறாரு. யாருன்னு சொல்லு!"

வீரராகவன் நடந்து வந்தார். நாலே அடி தூரம், அதற்குள் இரண்டு தடவை நின்றார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனுக்குக் குனிந்தார்.

"அவளக் கேக்காதடா," என்றார். "என்னக் கேளு. நான்தான் எடுத்தேன்."

மறுமுனையில் ஸ்டேஷன் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், எங்கேயோ வயர்லெஸ் கரகரக்கிறது.

சமையலறையிலிருந்து ஹேமாவதி குரல் கொடுத்தாள்.

"யாரு, சரணா போன்ல? காலைலேர்ந்து பட்டினியா கீறான், எதுனா சாப்ட்டானான்னு கேளுங்க."